மைனஸ் எங்கே?

அந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் தலைகாட்டும். மற்றபடி பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோருக்கும், வாசலில் நிற்கிற காவலாளிக்கும்கூட அவள் மைனஸ் டீச்சர்தான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் எண்ணின் வர்க்கம் இருபத்தைந்து, அந்த எண் என்ன என்று கேட்டால், ஐந்து என்று சொல்லிவிட்டு எல்லோரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஐந்தை ஐந்தால் பெருக்கினால் இருபத்தைந்து. சரி. ஆனால் மைனஸ் ஐந்தை மைனஸ் ஐந்தால் பெருக்கினாலும் அதே இருபத்தைந்துதானே வருகிறது? அதை மறந்துவிட்டு வருகிற பிள்ளையின் தாளில் டீச்சர் சிவப்பு மையில் ‘மைனஸ் எங்கே?’ என்று எழுதுவாள். எழுதிவிட்டுப் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவாள். இதற்காகப் பெற்றோர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதான் ஐந்து என்று எழுதிவிட்டானே, போனால் போகிறது, விட்டுக்கொடுங்களேன் என்று தலைமையாசிரியரே ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். வீட்டுக்குப் பாதிக் கூரை போட்டுவிட்டு மழையே பெய்யாது என்று சொல்ல முடியுமா சார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அந்தத் தலைமையாசிரியர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்திருந்தது. பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவர்கள் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது வருகிற கல்வியாண்டுக்குள் அதில் சேர்ந்தாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு நூலகப் பொறுப்பு. அந்தப் பள்ளியில் நூலகம் என்பது மாடிப்படிக்குக் கீழே நிற்கிற ஒரு பீரோ. அதன் சாவி தொலைந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

கரும்பலகையை விட்டால் டீச்சருக்கு வேறு நாதி கிடையாது. வீட்டில் அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நாற்பது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதைக் கேட்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருப்பதே. மாடிப்படிக்குக் கீழே பூட்டிய பீரோவுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. மாலைநேர முதுகலைக் கணிதத்தில் சேர்ந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

சேர்வதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. அதை நடத்துவதற்கென்றே ஓர் ஆணையம். சங்கீதம் படிக்கப் போகிறவருக்கும், மாட்டு வைத்தியம் படிக்கப் போகிறவருக்கும், கணக்குப் படிக்கப் போகிறவருக்கும் அங்கே ஒரே கேள்வித்தாள்தான். முழுக்க எண்கணிதமும் இயற்கணிதமும். ஆணையத்தின் கையேட்டில் முதல் பக்கத்தில் இயக்குநர் எழுதியிருந்தார்: “இத்தேர்வு விண்ணப்பதாரரின் கணித அறிவைச் சோதிப்பதன்று. கணித அறிவைப் பயன்படுத்த நேரம் இல்லாதபோது அவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதைச் சோதிப்பதாகும்.” அச்சுப்பிழையாக இருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அது ஒன்றுதான் அந்தக் கையேட்டில் பிழையில்லாமல் இருந்த வாக்கியம் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கணக்குத்தானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கேள்வியில் ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது. ‘நிரம்ப ஆகும் நேரம் எக்ஸ் என்க’ என்று எழுதினாள். படிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். சரிபார்த்தாள். தொட்டி நிரம்பிவிட்டது, தேர்வு நேரமும் பாதி ஓடிவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது என்பதை அவள் கையேட்டில் கவனித்திருக்கவில்லை.

ஆகவே பயிற்சி வகுப்பு. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் கணக்கு டியூஷனுக்குப் போவது என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா? முதுகு வலி, மாலையில் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகிறேன் என்று ஆசிரியர் அறையில் சொல்லிவைத்தாள். எல்லோரும் நல்லவர்கள். ஓவிய டீச்சர் தன் வீட்டிலிருந்து ஒரு தலையணையே கொண்டுவந்து அவள் நாற்காலியில் வைத்தாள். அந்த அன்பைப் பார்த்து வெட்கிப்போய் டீச்சர் சில நாள் லேசாக நொண்டவும் செய்தாள். முதுகு வலிக்கு நொண்ட வேண்டியதில்லை என்று கணவன் சொல்லித்தான் அவளுக்கு உறைத்தது.

பயிற்சி வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் வாடை தூக்கலாக அடிக்கும். முதல் நாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கடைசி பெஞ்சுக்குப் போய்விடலாம் என்று உள்ளே நுழைந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சட்டென்று எழுந்து நின்று, “குட் ஈவினிங் மிஸ்” என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். சில வருஷத்துக்கு முன்னால் டீச்சரிடம் படித்தவள். இத்தனை வருஷத்தில் எவள் தாளில் ஒரு தடவைகூட ‘மைனஸ் எங்கே?’ என்று எழுத வாய்ப்புக் கிடைக்கவில்லையோ, அவள். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, அதே மாலைநேர முதுகலைக் கணிதத்துக்குத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தாள். டீச்சர் ஆக வேண்டுமாம். எந்த மாதிரி டீச்சர் என்று கேட்டதற்கு, உங்களை மாதிரிதான் மிஸ் என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் இங்கே வருவதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று டீச்சர் அவள் காதில் சொன்னாள். சொல்லும்போதே உடம்பெல்லாம் கூசியது.

பாடம் எடுக்கிறவருக்குச் சுருக்குவழி சார் என்று பெயர். அவருக்குக் கணக்கைக் கண்டாலே ஆகாது. முதல் நாளே மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “இங்க யாரும் கணக்குப் போடக் கூடாது. கணக்குப் போட்டவனுக்கு சீட் கிடைச்சதா இதுவரைக்கும் சரித்திரமே இல்ல. கேள்வியை முழுசாப் படிக்காதீங்க, படிச்சா புரிஞ்சிடும். புரிஞ்சா யோசிப்பீங்க. யோசிச்சா நேரம் போயிடும்.”

அவர் முறை இதுதான். கேள்வியில் உள்ள எண்களை மட்டும் பார்க்க வேண்டும். கீழே கொடுத்திருக்கிற நான்கு விடைகளை ஒரு பார்வை பார்க்க வேண்டும். அவர் கையைத் தட்டுவார். தட்டின மாத்திரத்தில் ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட வேண்டும். தட்டி முடித்த பிறகும் யாருடைய பேனாவாவது தாளைத் தொடாமல் இருந்தால் அவரை எழுந்து நிற்கவைத்து, “இவருக்கு அறிவு வேலை செய்யுது, எல்லாரும் இவருக்காக வருத்தப்படுங்க” என்பார்.

முதல் மாதிரித் தேர்வில் டீச்சர் எழுதிய விடைகள் எல்லாமே சரி. எழுதியது மொத்தக் கேள்வியில் கால்வாசி. வகுப்பிலேயே கடைசி. அவள் ஓரத்தில் போட்டிருந்த படிகளை சுருக்குவழி சார் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். ‘எக்ஸ் என்க’ என்பதை உரக்கப் படித்தார். “என்கவாம், என்க! யார்கிட்டம்மா அனுமதி கேக்கறீங்க?” என்றார். வகுப்பு சிரித்தது. சுருட்டை மட்டும் சிரிக்காமல் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்திருந்தால் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது.

ஆனால் மனித உடம்பு இருக்கிறதே, அதைப் போல எதற்கும் பழகிப்போகிற வஸ்து உலகத்தில் கிடையாது. மாதம் செல்லச் செல்ல அவள் கை கைதட்டலுக்குப் பழகிவிட்டது. சுருக்குவழி சார் தட்டுவார், கை போய் வட்டத்தைக் கறுப்பாக்கும், அவளுக்கு அதில் சம்பந்தமே இருக்காது. மதிப்பெண் ஏறியது. வீட்டில் ஒருநாள் கணவன் ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவை விரட்டக் கையைத் தட்டினான். டீச்சர் கையிலிருந்த கரண்டியால் மேஜையில் ஓரிடத்தைக் குத்தினாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் புறாக்களை வாயால்தான் விரட்டினான்.

தேர்வு நாள் வந்தது. வாசலில் கொண்டை ஊசி, வளையல், கைக்குட்டை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காப்பியடிக்க மாட்டேன் என்று எல்லோரும் ஒரே குரலில் உறுதிமொழி எடுக்க வேண்டும். உறுதிமொழி வாசகத்தை மறந்தவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்ல அனுமதி இருந்தது. பிறகு கண்காணிப்பாளர் விதிகளைப் படித்தார். யோசிக்கும்போது உதடு அசையக் கூடாது, கூரையைப் பார்க்கக் கூடாது, விடை தெரிந்துவிட்டால் புன்னகை செய்யக் கூடாது. இருபது வருஷமாக உதட்டை அசைத்தே கணக்குப் போட்டுப் பழகியவள் டீச்சர். இரண்டு முறை எச்சரிக்கை வாங்கினாள். கடைசியில் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு எழுதினாள்.

நடுவில் வந்தது அந்தக் கேள்வி. ‘எக்ஸின் வர்க்கம் இருபத்தைந்து. எக்ஸ், நான்கு, இவற்றில் எது பெரியது?’ நான்கு விடைகள். அ: எக்ஸ் பெரியது. ஆ: நான்கு பெரியது. இ: இரண்டும் சமம். ஈ: கொடுத்த தகவலைக் கொண்டு சொல்ல முடியாது.

பார்த்ததும் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அடேயப்பா, நம் கேள்வி! எக்ஸ் ஐந்தாக இருந்தால் நான்கைவிடப் பெரியது. மைனஸ் ஐந்தாக இருந்தால் சின்னது. எதுவென்று சொல்லவில்லையே. ஆகவே ஈ. இந்தக் கேள்விக்காகவே அவள் பிறவி எடுத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும். பேனாவை எடுத்து, ஈ என்ற வட்டத்தை நோக்கிக் கொண்டுபோனாள்.

அந்த நேரம் பார்த்துக் கண்காணிப்பாளரின் காதருகே ஒரு கொசு பறந்தது. அவர் பளாரென்று கையைத் தட்டினார்.

கை போய்விட்டது. அ என்ற வட்டம் கன்னங்கரேல் என்று நிரம்பியிருந்தது. கறுப்பு மை, அழிக்க வழியில்லை, அழிப்பது குற்றம் என்று தாளிலேயே போட்டிருந்தது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாதிப் பேர் அதே போலத் தங்கள் தாளை வெறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் டயர் கடை மாடியில் படித்தவர்கள். வேறு எந்தக் கணக்கில் தப்பு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மைனஸ் டீச்சர் மைனஸை விட்டுவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில வாரத்தில் ஆணையம் சரியான விடைகளை வெளியிட்டது. அந்தக் கேள்விக்கு நேரே ‘அ’ என்று போட்டிருந்தது. கேள்வியைத் தயாரித்தவரும் மைனஸை மறந்துவிட்டார். அ எழுதியவர்களுக்கெல்லாம் ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணில் டீச்சருக்கு மாலைநேர முதுகலைக் கணிதத்தில் இடம் கிடைத்துவிட்டது. தேர்வானவர் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. அதற்குக் கீழே காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் சுருட்டையுடையது.

கணவன் சந்தோஷப்பட்டான். வேலை தப்பித்தது, வகுப்பு தப்பித்தது, அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டான். சுருட்டை ஈ என்றுதான் எழுதியிருப்பாள். எந்தக் கொசு பறந்தாலும், யார் தட்டினாலும் அவள் ஈ என்றுதான் எழுதியிருப்பாள். அது டீச்சருக்குக் கேட்காமலே தெரியும்.

சுருட்டை ஆணையத்துக்கு ஆட்சேபணை மனு கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து டீச்சருக்கும் ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தது. மனுதாரருக்கு எதிரே ‘விடைச் சான்றாளர்’ என்ற முறையில் ஆஜராக வேண்டும் என்று எழுதியிருந்தது. மனுதாரர் பெயரைப் படித்ததும் அழைப்பை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

ஆணையத்தின் கட்டடம் பளிங்கு மாதிரி இருந்தது. இயக்குநர் அறையில் ஒரு பெரிய மேஜை, அதன்மேல் ஒரு கணக்குப் பொறி, அது பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறைக்குள். இந்தப் பக்கம் சுருட்டை, அந்தப் பக்கம் டீச்சர். சுருட்டை வழக்கம்போல எழுந்து நின்று குட் மார்னிங் மிஸ் சொன்னாள். மிஸ்ஸைப் பார்த்ததும் அவள் முகத்தில் நிம்மதி வந்தது. இனி கவலையில்லை, மிஸ் வந்துவிட்டார்கள் என்கிற நிம்மதி. டீச்சர் குனிந்து கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

இயக்குநர் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசாதவர். சுருட்டை ஒரு தாளில் மைனஸ் ஐந்தை மைனஸ் ஐந்தால் பெருக்கிக் காட்டியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எங்கே படித்தாய் என்று விசாரித்தார். இதோ இந்த மிஸ் சொல்லிக்கொடுத்ததுதான் சார் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். கேள்வி தயாரித்தவரையே கேட்டுவிடலாமே சார் என்றும் சொன்னாள்.

“கேள்வி தயாரிச்சவர் யாருன்னு எங்களுக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா ரகசியம் போச்சே. அவருக்கும் தான்தான் தயாரிச்சோம்னு தெரியாத மாதிரிதான் ஏற்பாடு பண்ணியிருக்கோம். நானும் கணக்குல சுத்தமா வீக். அதனாலதான் என்னை இங்க போட்டாங்க. கணக்குத் தெரிஞ்சவன் இந்த நாற்காலியில உக்காந்தா, சரியான விடைக்கு சாதகமா நடந்துக்குவானில்ல? அப்புறம் நடுநிலைமை எங்க இருக்கும்?”

பிறகு சான்றாளரை ஏன் அழைத்தோம் என்று விளக்கினார். விடை சரியா தப்பா என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும். தப்பாக எழுதியவர்களிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தால் ஏன் தப்பாக எழுதப் போகிறார்கள்? ஆகவே ஆணையத்தின் விடையை எழுதியவர்களில் கணிதப் பட்டம் பெற்ற ஒருவரைக் கேட்பது என்று விதி. அப்படிப்பட்டவர்களில் பேருந்துச் செலவு குறைவாக ஆகக்கூடிய தூரத்தில் குடியிருக்கிறவர் டீச்சர்.

“அதனால மேடம், விடை அ-தானான்னு நீங்க சொல்லணும். இல்லை, ஈ-தான்னு நீங்க சொன்னீங்கன்னா அதையும் ஏத்துக்குவோம், எங்களுக்கு ஒண்ணும் பிடிவாதம் கிடையாது. உங்க ஒரு மார்க் போகும். சீட்டு இந்தப் பொண்ணுக்குப் போகும். அவ்வளவுதான். தெரிஞ்சுதானே அ-ன்னு எழுதினீங்க?”

கொசுவைப் பற்றிச் சொல்லலாமா என்று டீச்சர் ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். மாடிப்படிக்குக் கீழே அந்தப் பீரோ கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் வகுப்பில் இருந்தால்தானே பிள்ளைகளுக்கு மைனஸைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று ஒரு நியாயம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. அது நியாயமே இல்லை என்பதும் அவளுக்கு அப்போதே தெரிந்தது. சுருட்டை சின்ன வயது, அடுத்த வருஷம் எழுதிக்கொள்வாள். இதுவும் தெரிந்தேதான்.

“தெரிஞ்சுதான் எழுதினேன்” என்றாள்.

“நல்லது. கொஞ்சம் இந்தப் பொண்ணுக்குப் புரியிற மாதிரி சொல்லிடுங்க. உங்க மாணவிதானே.”

டீச்சர் சுருட்டையைப் பார்க்காமல், உறைக்குள் இருந்த கணக்குப் பொறியைப் பார்த்துச் சொன்னாள். “எக்ஸ்னு சும்மா போட்டிருந்தா... அது ப்ளஸ்தான். மைனஸா இருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க.”

இயக்குநர் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். மிஸ் பொய் சொல்கிறார்கள் என்று சுருட்டை நினைத்திருந்தால்கூட டீச்சருக்கு ஒரு வழி இருந்திருக்கும். அவளோ, இத்தனை நாள் தான்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று யோசிக்கிற மாதிரி புருவத்தைச் சுருக்கினாள். பாடம் புரியாத அன்று வகுப்பில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். பிறகு தலையாட்டினாள்.

“சரிங்க மிஸ்.”

தன் தாளில் எழுதியிருந்த மைனஸ் ஐந்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். டீச்சர் கையெழுத்துப் போட்டாள். பேருந்துச் செலவை அங்கேயே கையில் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். அவ்வளவு கல்நெஞ்சம் அவளுக்கு இல்லை. ஒரு வாரம் தாங்கிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கு விடுப்புச் சொல்லி, நேரே ஆணையத்தின் விசாரணை ஜன்னலில் போய் நின்றாள். என் விடை தப்பு, நான் தப்பாகச் சான்று சொல்லிவிட்டேன், திருத்த வேண்டும் என்றாள். ஜன்னலுக்குள் இருந்தவர் கணினியில் அவள் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

“சரின்னுதானே இருக்கு?”

“இல்லைங்க, தப்பு.”

“அம்மா, தப்பா எழுதினவங்கதான் ஆட்சேபணை கொடுக்கலாம். நீங்க சரியா எழுதியிருக்கீங்க. சரியா எழுதினவங்களுக்கு என்ன குறை இருக்க முடியும்?”

சரி என்று நீங்கள் சொல்வதுதான் தப்பு என்றாள். அப்படியானால் தப்பு என்பதற்கு ஒரு கணித ஆசிரியரிடம் சான்று வாங்கி வாருங்கள் என்றார் அவர். நானே கணித ஆசிரியர்தான் என்றாள். அவர் கணினியை மறுபடி பார்த்தார். நீங்கள்தான் ஏற்கெனவே சரி என்று சான்று கொடுத்திருக்கிறீர்களே, ஒருவர் இரண்டு சான்று கொடுக்க முடியாது என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். சீட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அது காத்திருப்போரில் முதல் ஆளுக்குப் போய்விடும். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. காரணம் எதுவும் கேட்க மாட்டார்கள். எடுத்து நீட்டினார்.

பாருங்கள், அந்த ஆணையத்தில் உருப்படியாக இருந்த ஒரே கதவு அதுதான். விதியில்லை, சான்றில்லை, இயக்குநர் இல்லை. கையெழுத்து ஒன்றுதான். டீச்சர் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நாளைக்கு நிரப்பலாம் என்று கைப்பையில் வைத்தாள். மறுநாளும் நாளைக்கு என்று வைத்தாள். சேர்க்கை முடிகிற தேதி வந்தது. அன்று அவள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாள். பள்ளியில் தலைமையாசிரியர் பாராட்டினார். ஓவிய டீச்சர் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். போய்விட்டது என்றாள்.

அடுத்த ஆண்டு ஆணையத்தின் கையேட்டில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருந்தார்கள். ‘தவறான புரிதலைத் தவிர்க்க’ என்று தலைப்பு. எக்ஸ் என்று சும்மா போட்டிருந்தால் அது ப்ளஸ்தான். மைனஸாக இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். கீழே, ‘அனுபவமிக்க கணித ஆசிரியை ஒருவரின் விளக்கம்.’ டயர் கடை மாடியில் சுருக்குவழி சார் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டாள். அந்தத் தெரு வழியாகப் போவதை டீச்சர் நிறுத்திவிட்டாள்.

அந்த ஆண்டுத் தேர்வு முடிவு வந்த சில நாளில் சுருட்டை பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் டீச்சர் தனியாக உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவள் ஒரு சாக்லேட் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, குனிந்து டீச்சரின் காலைத் தொட்டாள். டீச்சர் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“சீட் கிடைச்சிடுச்சு மிஸ். உங்க காலேஜ்தான். எல்லாம் உங்களாலதான்.”

“நான் என்னம்மா பண்ணினேன்?”

“இந்த வருஷமும் அதே மாதிரி ஒரு கேள்வி வந்துச்சு மிஸ். நீங்க அன்னிக்கு சொன்னது ஞாபகம் வந்துச்சு. நான் யோசிக்கவே இல்ல.”

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. டீச்சர் நன்றாகத் தேடிப் பார்த்தாள். இல்லவே இல்லை. இரண்டு வருஷம் போனால் நானும் உங்களை மாதிரி டீச்சர் ஆகிவிடுவேன் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே, பழைய பழக்கத்தில் மேஜையிலிருந்த விடைத்தாளை எட்டிப் பார்த்தாள். ஏதோ ஒரு பிள்ளை ‘எக்ஸ் = 5’ என்று எழுதி நிறுத்தியிருந்தது. பக்கத்தில் சிவப்பு மை இன்னும் காயவில்லை. மைனஸ் எங்கே?

சுருட்டை சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையாகச் சொன்னாள். “இன்னும் இதை எழுதிக்கிட்டிருக்கீங்களா மிஸ்? வேணாம் மிஸ், பாவம், சின்னப் பிள்ளைங்க. நம்பிடப் போறாங்க.”

மணி அடித்தது. டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த வகுப்பு அவளுடையதுதான்; அதற்காகத்தானே இத்தனையும்.